யார் செய்தால் ஆக்கிரமிப்பு?

2019 கோடையில் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தச் சொல்லி அறநிலையத் துறை சுற்றறிக்கை விட்டது. அர்ச்சகர்கள் தண்ணீர் அண்டாவுக்குள் அமர்ந்து வருண ஜபம் செய்தார்கள். சிரித்தோம், சிரிக்க வேண்டியதுதான். ஆனால், பெய்யும் மழை தங்க வேண்டிய இடத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதைப் படித்திருந்தால் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும்.

மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நெல்வயலுக்கும் அதே கதிதான். தமிழ்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் பெரும்பாலும் வேறு எதற்கு வெட்டப்பட்டவை? வேடந்தாங்கலே பாசன ஏரிதான். பறவை எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்ட உழவர்கள், வேட்டைக்காரர்களை விரட்டிக் காத்த ஏரி. பறவைகள் சரணாலயம் என்ற முத்திரை இருப்பதால் அது பிழைத்தது; 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. முத்திரை விழாத பக்கத்து ஊர் ஏரியில் இறங்கும் நாரைக்கு அந்த விதியில் இடமில்லை.

ஏரிகளைக் காக்க 2007இல் மாநிலச் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. ஆனால் ஏரிக்குள் குடிசை போட்டவர்தான் ஆக்கிரமிப்பாளர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் எழுந்த வள்ளுவர் கோட்டம் பண்பாட்டுச் சின்னம். பள்ளிக்கரணைச் சதுப்பில் மாநகராட்சி ஆண்டுக்கணக்கில் கொட்டிய பெருங்குடிக் குப்பை மலை நகர நிர்வாகம். குற்றம் ஒன்று, செய்தவரைப் பார்த்துத் தண்டனை வேறு என்பதற்காகத்தானே மனுவின் நூலைக் கொளுத்தினோம்? அரசிதழில் அச்சானால் மட்டும் அது நீதியாகிவிடுமா?

அரசுக் கட்டடங்களை இடிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லவில்லை. அரசு, தான் விழுங்கிய பரப்பைக் கணக்கெடுத்து, வெளியிட்டு, அதே நீர்ப்பிடிப்பில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஏரிகளைத் தன் செலவில் தூர்வாரி, வரத்துக் கால்வாய்களைத் திறந்துவிடலாம். பெருங்குடிக் குப்பையை முழுதும் அள்ளி, அந்த நிலத்தைப் பூங்காவாக்காமல் சதுப்பிடமே திருப்பித் தரலாம். ஈரநில மீட்பு என்று சொன்னதும் புல்டோசர் நினைவுக்கு வருகிற அதிகாரிகளுக்கு இதெல்லாம் சலிப்பான வேலை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நீர்வழியில் குடியிருக்கிறார்கள் என்று கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றிய குடும்பங்கள் பலவற்றை அரசு எங்கே கொண்டுபோய் வைத்தது? பெரும்பாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். பெருமழை வந்தால் தண்ணீர் சூழும் இடம். அந்த அடுக்குமாடிகளுக்கு ஒப்புதல் தந்தவர்களுக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்புவது?