காட்டுவாசமும் வழிபாடும்

பாபநாசத்தின் மேலே, பொதியமலைச் சாரலில், காரையாற்றணை பெருந்தடாகமாய் நிற்கின்றது. அப்பால் பாணதீர்த்த அருவி, கீழே சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்கு இராதாபுரம் போன்ற வறண்ட ஊர்களின் அன்பரும் குடும்பத்தோடு சென்று ஆற்றங்கரையிற் குடிலிட்டுப் பன்னாள் தங்குதல் வழக்கு. அவ்வனம் 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. தங்கும் நாள்களை அரசினர் குறைத்தபோது, வழிபாட்டிற்கு இடையூறென வருந்தினார் பலர்.

அவ்வருத்தம் ஆராயத்தக்கது. தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்கு அளித்தான் என்பது சித்தாந்தம். மக்கட்கு மட்டும் என்றதில்லை. யானைக்கும் புலிக்கும் அக்காடே புவனம். அவை இரவில் நீருண்ண வருந் துறையில் அடுப்பு மூட்டி ஆரவாரித்தல், அவற்றிற்கு அளித்த போகத்தை இடைநின்று பறித்தலேயாம். பாவம் தொலையுமென்று பாபநாசத்துறையில் உடுத்த துணியை ஆற்றில் விடுவாரும் உளர். (துணி தங்கிவிடுகின்றது; பாவம் போயிற்றோ, அறியோம்!)

அற்றேல், மலைக்குச் செல்லாதொழிக என்பதோ? அன்று. அருவியொலி கேட்டு மரநிழலில் அமர்ந்தார்க்கு மனம் ஒடுங்குதல் எளிது. அப்பயன் கடைத்தெருவிற் கிட்டாது. ஆயின் அதற்குப் பன்னாட் குடில் வேண்டா. காலையிற் சென்று நீராடி, ஐயனாரைத் தொழுது, கொண்டுபோன பையையும் திரும்பக் கொணர்ந்து மாலையில் மீள்வார்க்கு அருள் குறையுமென எந்நூலிலும் காணோம்.