பின்னால் வருகிறவன்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன கிடக்கிறது என்று தோழர்கள் சிரிக்கலாம். நானும் கோல்ஃப் மைதானத்துக்குள் ஒருநாளும் கால் வைத்தவனில்லை. விருத்தாசலத்தில் நான் பார்க்கப் பந்து உருண்டதெல்லாம் மணிமுத்தாற்று மணலிலும் அறுப்பு முடிந்த கொல்லையிலும்தான். ஆனாலும் மரியாதை என்கிற சொல்லை யோசிக்க ஆரம்பித்தால் அந்தப் பச்சைப்புல் மைதானம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. காரணம் என் பெரியப்பா மகன்.

அண்ணன் பதினோரு வருசம் சென்னையில் ஒரு கிளப்பில் கேடியாக இருந்தவர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற ஆளுக்குக் கேடி என்று பேர். பெரியம்மா இதைக் கேட்டதும், "அந்தப் பட்டத்ததான் இங்கயே ஸ்டேசன்ல எழுதி வச்சிருக்கானுவோளே, அதுக்கு எதுக்குடா மெட்ராஸ் போவணும்?" என்றது. நாங்கள் சிரித்தோம். போலீஸ் பட்டியலில் எழுதுகிற கேடி வேறு, இந்தக் கேடி வேறு என்று அதற்குப் புரியவைக்க முடியவில்லை. இப்போது யோசித்தால், அது புரிந்துகொண்டுதான் சொன்னது என்று தோன்றுகிறது.

அதற்கு முன் அண்ணன் செராமிக் பட்டறையில் அச்சு ஊற்றினார். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் மண் படியும். வேண்டிய கனம் ஏறியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகும்வரை பொறுத்துத்தான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் பொம்மையின் மூக்கு அச்சோடு போய்விடும். கூலி எண்ணிக்கைக்கு. மழைக்காலத்தில் அச்சு காயாது, கூலியும் கிடையாது. மண்ணுக்காகக் காத்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பார் அண்ணன்.

பெரியம்மா சாவுக்கு வந்தவர் பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தார். ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து அந்த மைதானத்துக் கதைகளைச் சொன்னார். நான் எதிர்பார்த்த கதைகள் வேறு. அவருடைய முதல் கோபம் மெதுவாக ஆடுகிறவர்கள் மேல் இருந்தது.

"பதினெட்டுக் குழிக்கு அஞ்சரை மணி நேரம் தம்பி! நாலு மணியில முடிக்க வேண்டிய ஆட்டம்."

நாலு பேர் ஒரு கோஷ்டியாகப் போவார்களாம். ஒருவர் போனில் பேசுவார். ஒருவர் அடிப்பதற்கு முன் பத்து தடவை காற்றில் வீசிப் பார்ப்பார். ஒருவர் புதரில் போன பந்தை விடாமல் தேடுவார். பந்தைத் தேட அய்ந்து நிமிடம் என்றிருந்ததை 2019-இல் மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். ஓர் அடிக்கு நாற்பது நொடி போதும் என்றும் விதிப்புத்தகம் யோசனை சொல்கிறது. யார் கேட்கிறார்கள்? பின்னால் வருகிற கோஷ்டி மட்டையை ஊன்றிக்கொண்டு நின்று, 'என் ஞாயிற்றுக்கிழமை போச்சு' என்று பல்லைக் கடிக்கும். இந்த ஆட்டம் ஆடப்படுகிற எல்லா நாட்டிலும் இந்தப் புலம்பல் உண்டு. ஆனால் கேடிக்குக் கூலி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்றுதான், மணிக்கணக்கு கிடையாது. ஆறு மணிக்குத் தூக்கிய பையைப் பத்து மணிக்கு இறக்கினால் இன்னொரு பை தூக்கலாம். பதினொன்றரைக்கு இறக்கினால் அன்றைக்கு அந்த ஒரு பைதான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆடினவர்களுக்குப் பொழுது போனது, பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போனது. அண்ணனுக்குப் பாதிக் கூலி போனது. புலம்பலில் இந்த மூன்றாவது கணக்கு வருவதே இல்லை.

கனவான்களின் ஆட்டம் என்று நினைத்து அதன் விதிகளை வாங்கிப் படித்தேன். 1744-இல் எடின்பரோ கனவான்கள் எழுதி வைத்தவை பதின்மூன்று விதிகள். இன்றைக்குப் பெரிய புத்தகம். இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் கிடையாது. தப்பு செய்தவனே ஒப்புக்கொண்டு தனக்குத் தண்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நேர்மையாக ஆடு. அடுத்தவரை நினைத்து நட; சுணங்காதே, யார் மேலும் பந்து படாமல் பார்த்துக்கொள். மைதானத்தைக் காப்பாற்று, மட்டை பெயர்த்த புல்லைத் திரும்ப வை, மணல்குழியில் பதிந்த உன் காலடியை நிரவிவிட்டு வா. எம்.ஏ. தமிழ் படித்தவன் சொல்கிறேன், நாம் பாடமாகப் படித்த பல நீதிநூல்களைவிட இதில் சாதி குறைவு. இன்னாருக்கு இன்ன மரியாதை என்று பிரிக்கவில்லை.

ஆனால் இங்கே மணல்குழியில் கால் பதித்தவர் ஒருவர், நிரவியவர் அண்ணன். புல்லைப் பெயர்த்தவர் ஒருவர், திரும்ப வைத்து மிதித்தவர் அண்ணன். 'ஜென்டில்மேன்' என்ற பேர் மட்டும் பெயர்த்தவரிடமே இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டும்போது, அது போகிற தடத்தில் உன் நிழல் விழக்கூடாது. இதை அண்ணன் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பேஷ்வா ஆட்சியில் சாதி இந்து வருகிற தெருவில், நிழல் பட்டுத் தீட்டாகிவிடும் என்று தீண்டத்தகாதவரை நடக்கவே விடவில்லை என அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் 1936-இல் எழுதினாரே! கட்டுரை கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம். அண்ணன் கையமர்த்தினார்.

"அவசரப்படாத தம்பி. அங்க மந்திரி நெழலு வுழுந்தாலும் நகரச் சொல்லுவாங்க. நெழலு ஆடுனா கண்ணு ஏமாந்து போவும், அவ்ளோதான். அதுல தீட்டு ஒண்ணும் இல்ல. சட்டம் நல்ல சட்டம்தான். அத ஆளுக்கு ஆளு மாத்துறானுவோ பாரு, நீ அத எழுது."

எழுதுகிறேன். ஒருநாள் பின்னால் ஆடிய கோஷ்டியிலிருந்து வந்த பந்து அண்ணனின் கணுக்காலில் அடித்தது. முன்னால் ஆள் எட்டும் தூரத்தில் இருக்கும்போது அடிக்கக் கூடாது. அடித்த பந்து ஆள் மேல் போனால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. அடித்தவர் வேகமாக நடந்து வந்தார். வந்து, அண்ணன் யாருக்குப் பை தூக்கினாரோ அந்த ஆட்டக்காரரின் கையைப் பிடித்து, ஆட்டத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அவரும் பெருந்தன்மையாக, பரவாயில்லை என்றார். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"கால் வீங்குனது எனக்கு. பரவால்லன்னது அவுரு."

அந்த இரண்டு பேரும் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் தெரிந்திருக்கிறது. மரியாதை செய்ய வேண்டிய ஆள் அங்கே எத்தனை பேர் என்று எண்ணிய கணக்கில்தான் ஒரு தலை குறைந்துபோனது. டெல்லி கோல்ஃப் கிளப்பில் 2017 ஜூனில் விருந்தாளியாக அழைக்கப்பட்டுச் சாப்பிட உட்கார்ந்த மேகாலயாப் பெண்ணை, அவர் உடுத்தியிருந்த காசிப் பழங்குடி உடையைப் பார்த்து, வேலைக்காரி போலிருக்கிறது என்று எழுப்பி அனுப்பினார்களே, அதுவும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தில் நடக்கும் பெரிய போட்டியில் 1982 வரை கிளப்பின் கறுப்பினக் கேடிகள்தான் எல்லா ஆட்டக்காரருக்கும் பை தூக்கினார்கள். முதல் கறுப்பின உறுப்பினரை அந்தக் கிளப் சேர்த்தது 1990-இல். பை தூக்குகிறவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இலும், பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இலும் இந்தியன் ஓபன் பட்டத்தையே வென்றார்கள்.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பின்னால் வருகிறவர் உன்னைவிட வேகமாக ஆடினால், நீ ஓரமாக நின்று அவரை முன்னே போகவிட வேண்டும். நடக்கிறதா என்று அண்ணனைக் கேட்டேன்.

"சின்ன ஆளுங்க ஒதுங்கி வுட்டுடுவாங்க. பெரிய ஆளுங்க வுடமாட்டாங்க. பின்னாடி வர்றவரு அவுங்களவிட பெரிய ஆளா இருந்தா மட்டும், வாங்க வாங்கன்னு வுடுவாங்க."

"சார், பின்னாடி ஆளு நிக்குதுன்னு நீங்க சொல்லக் கூடாதாண்ணா?"

"பை பேசுமா தம்பி?"

பெரியம்மாவின் பாடை ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போக முடியவில்லை. எப்போதும் போல வரப்பில் இறக்கித் தூக்கிப் போனோம். முதல் நாள் மழையில் வரப்பு வழுக்கியது, அண்ணன் இரண்டு தடவை சறுக்கினார். தெருவில் அப்போது சாவும் இல்லை, சாமி ஊர்வலமும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மாவ முன்னாடி வுடல பாரு" என்றார் அண்ணன், அன்றைக்கு ராத்திரி. கோல்ஃப் பேச்சுதான் தொடர்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

நாகரிகம் என்ற சொல்லுக்குக் கல்லூரியில் எங்களுக்குக் காட்டிய இடம், திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறள். நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், பழகியவர் தருகிறாரே என்று குடித்துவிட்டு அமைதியாக இருப்பவரே நாகரிகத்தை விரும்புகிறவர் என்பது பொருள். பாடம் நடத்தியவர் உருகி உருகிச் சொன்னார். நானும் உருகினேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில், சாதி மீறி மணந்த முருகேசனுக்கும் கண்ணகிக்கும் பலவந்தமாக நஞ்சைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. பதினெட்டு வருசம். மெதுவான ஆட்டம் என்று அண்ணன் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினெட்டுதான் கேட்டது. அந்தக் குறளை இன்றைக்கு என்னிடம் யாராவது விளக்கச் சொன்னால் வாய் வருவதில்லை.

அப்படியானால் மரியாதை, ஒழுங்கு, நாகரிகம் எல்லாமே ஆதிக்கத்தின் கருத்தியல், அவற்றைக் கலைத்துப் போடுவதே கலகம் என்று தோழர்கள் சொல்வார்கள். நானே மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். குனிந்து நில், துண்டை இடுப்பில் கட்டு என்பதை மரியாதை என்று சொல்லிக்கொடுத்த நாட்டில் அந்தக் கோபம் நியாயம். அண்ணனிடமும் அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "குழிய நெரவாம வந்தா அடுத்தவன் பந்து அதுல வுழும். அவன் பந்த எடுக்க எறங்கறதும் ஒரு கேடிதான? கலகம் யாருக்கு எதிரா பண்ற நீ?" எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

பல்வங்கர் பாலூவைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1890-களில் புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் கிரிக்கெட் மைதானத்தைச் செப்பனிடுகிற வேலையில் இருந்த தலித் இளைஞர். பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். அவர்கள் ஒருமுறைகூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்களின் அணியே அவரைத் தேடி வந்தது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே வெள்ளைப் பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே, குடித்துவிட்டு எறிகிற மண்குவளை. பீங்கான் சுடுகிற ஊர்க்காரனுக்கு இந்த இடம் உறைக்கும். கோப்பையும் மண்தான், குவளையும் மண்தான். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். ஆனாலும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டல்தான் ஆனார். (1937 தேர்தலில் பாலூ அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றது வேறு கதை, அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.) அண்ணன் மற்றதையெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். மட்டை கொடுக்காத விசயத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"பதினோரு வருசத்துல நானும் அவுங்க எதிர்ல ஒரு அடி அடிச்சதில்ல தம்பி" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் காலனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குப் போனோம். பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னை அம்பயராக நிற்கச் சொன்னார்கள். பந்து வீசி வீசிக் குழியான இடத்தை அண்ணன் ஓவருக்கு ஓவர் காலால் நிரவிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் கால் அதைச் செய்தது. பெரிய பசங்கள் அவுட்டானாலும் 'ட்ரையல் பால்' என்று மட்டையை விடவில்லை. ஆடி முடித்த இரண்டு பேர், பந்து பொறுக்க நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லைக்கு வெளியே நின்றார்கள். அவர்களோடு என் அக்கா மகளும் நின்றாள். ஒன்பது வயது. பந்து வேலிக்காத்தான் முள்ளுக்குள் போகும்போதெல்லாம் அவள்தான் ஓடுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எத்தனை மாதமாக ஓடுகிறாளோ.

வெளிச்சம் மங்கும்போது என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, எங்க முறை எப்ப வரும்?"

ஆட்டம் முக்கியமான கட்டத்தில் இருந்தது. ஆறு பந்தில் எட்டு ரன். நான் அவளைப் பார்க்காமலே, "ரெண்டு ஓவர் பொறு" என்றேன்.

அண்ணன் நிரவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதையும் எழுதுவியா தம்பி?" என்றார்.

நான் திரும்பினேன். பந்து மறுபடி முள்ளுக்குள் போயிருந்தது. அவள் எடுக்க ஓடிவிட்டிருந்தாள்.