கவசமும் மீசையும்



மத்தியதரைக் கடலின் அடித்தரையில், 300, 400 மீட்டர் ஆழத்தில்கூட, ஒரு சிவந்த மீன் வசிக்கிறது. பெரும்பாலும் ஒரு சாண் நீளந்தான். 1758-ம் ஆண்டில் சுவீடன் தேசத்துச் சாஸ்திரி லின்னேயுஸ், கவசந் தரித்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அதன் பெயரில் சேர்த்தார். பொருத்தமான பெயரே. மற்ற மீன்களுக்குச் செதில் இருக்கும் இடத்தில் இதற்கு முள் முளைத்த எலும்புத் தகடுகள். முகத்தில் இரண்டு கொம்புகள் முன்னே நீண்டிருப்பதால் இத்தாலியர் இதைக் கவைக்கோல் மீன் என்கிறார்கள்.

இவ்வளவு பார்த்துவிட்டு, இம்மீனுக்கு ஒரு குறையுமில்லை என்று போய்விடாதேயுங்கள். அதன் தாடையைப் பாருங்கள். அங்கே மெல்லிய மீசைகள் தொங்குகின்றன. அவற்றுக்குத் தகடுமில்லை, முள்ளுமில்லை. மார்புத் துடுப்பிலிருந்து பக்கத்துக்கு இரண்டு கதிர்கள் தனியே பிரிந்து விரல்கள் போலிருக்கின்றன. அவ்விரல்களை ஊன்றித் தரைமேல் நடந்து, மீசைகளால் சேற்றைத் தடவி, இறால் போன்ற சிறு பிராணிகளைக் கண்டுபிடித்து உண்கிறது. தகடுகள் அதற்குச் சோறு போடுவதில்லை. காயப்படக்கூடிய மிருதுவான பாகந்தான் அதைப் பிழைப்பிக்கிறது. மீசைக்கும் தகடு போட்டுக்கொண்டால், பத்திரமாய்ப் பட்டினி கிடந்து சாகும்!

அர்ச். சின்னப்பரும் இக்கடலில்தான் யாத்திரை செய்தார். மால்தாத் தீவருகே அவர் சென்ற கப்பல் உடைந்தது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அவர் நமக்கும் ஒரு கவசம் அணிவிக்கிறார். யாருக்கு எதிராக? பசாசின் தந்திரங்களுக்கு எதிராக. மாம்சமும் இரத்தமுமான மனிதருக்கு எதிராக அல்ல என்று அவரே தெளிவாய்ச் சொல்லுகிறார். நாமோ பசாசுக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, உடன்பிறந்தவனுக்கு எதிராகத் தகடு கட்டிக்கொள்ளுகிறோம்.

பாகப்பிரிவினையில் தம்பி செய்த அநியாயத்தை நீங்கள் மறக்கவில்லை. அநியாயம் அநியாயமே, அதை இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. அவன் வீட்டுக் கலியாணத்துக்கு நீங்கள் போகவில்லை. அவன் பிள்ளை நோயாய்க் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. இனி யாரும் என்னை நோகச் செய்ய முடியாது என்கிறீர்கள். மெய்தான். ஆனால் செபத்தில் உருக்கமில்லை, தேவநற்கருணை உட்கொண்டும் மனதில் ஒன்றும் அசையவில்லை என்று முறையிடுகிறவர்களும் நீங்கள்தானே? தடவி அறியும் மீசைக்கே தகடு போட்டபின் ருசி எங்கிருந்து வரும்?

சனிக்கிழமை மாலை 5 மணிமுதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். வருகிற வழியில் தம்பி வீடு இருந்தால் முதலில் அங்கே போய் வாருங்கள். நேரமானாலும் காத்திருக்கிறேன்.