முதலில் முகர்ந்தவர் சொல்

காசு கொடுத்து அச்சத்தை வாங்கும் வழக்கம் மனிதனுக்கு எப்படி வந்தது என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. வாழ்வில் இல்லாத அச்சமா? வாடகை, நோய், மகளின் திருமணம், மகனின் வேலை என்று அஞ்சுவதற்கு ஆயிரம் இருக்க, திரையரங்கின் இருளில் அமர்ந்து மேலும் சற்று அஞ்சிவிட்டு வருகிறோம். இது வீண் வேலை என்று பெரியவர்கள் கடிந்துகொண்டது சரியென்றே நெடுநாள் கருதியிருந்தோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல நா எழவில்லை.

காரணம், ஒருவகைத் திகில் படங்கள். அவற்றில் பாழடைந்த மாளிகை இல்லை. வெள்ளைச் சேலை இல்லை. நள்ளிரவுக் கொலுசொலி இல்லை. அன்றாட வாழ்வில் ஏதோ ஒன்று சற்றே பிசகுகிறது, அவ்வளவுதான். விக்ரம் குமார் 2009-இல் இயக்கிய ‘யாவரும் நலம்’ வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். புதிய அடுக்குமாடி வீட்டில் ஒரு குடும்பம் குடியேறுகிறது. பால் நாள்தோறும் கெட்டுப்போகிறது. எல்லோரையும் ஏற்றிச் செல்லும் மின்தூக்கி, மாதவன் ஏறினால் மட்டும் நகர மறுக்கிறது. வீட்டுப் பெண்கள் பகலில் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நிகழ்வதெல்லாம் அவ்வீட்டிலேயே நிகழத் தொடங்குகிறது. பால் கெடுவது ஒரு செய்தியா? யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் நகைப்பார்களே என்ற அந்தக் கூச்சத்தில்தான் திகில் பிறக்கிறது. பேய் பிற்பாடுதான் வருகிறது.

ஜோர்டான் பீல் என்னும் அமெரிக்க இயக்குநரின் ‘கெட் அவுட்’ (2017) இதையே நிறவெறியின் மீது வைத்துப் பார்த்தது. வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் இல்லத்துக்குக் கறுப்பின இளைஞன் ஒருவன் விருந்தினனாகச் செல்கிறான். அவனை யாரும் ஏசவில்லை. அளவுக்கு மிஞ்சிய அன்பே அவனை உறுத்துகிறது. அவனைக் காணவில்லை என்று நண்பன் காவல் துறையினரிடம் சென்று முறையிட, அவர்களோ விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். படத்தில் இரத்தம் சிந்தும் காட்சிகள் பல உண்டு. நம்மை மிகுதியும் நடுங்கவைத்தது அந்தச் சிரிப்பே.

நம் தமிழ்ப் படங்களோ வேறொரு வழியில் சென்றன. ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’வை (2011) வெறும் சிரிப்புப் படம் என்று தள்ளியவர்கள் உண்டு, நாமும் தள்ளியவர்களே. ஆனால் அதில் வரும் பேய் யார்? பெற்றோர் துரத்திவிட்ட ஒரு திருநங்கை. அவளுக்கு அடைக்கலம் தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். நிலத்தைப் பறிக்க வந்த அரசியல்வாதியால் அவளும், அப்பெரியவரும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனும் கொல்லப்படுகின்றனர். உயிரோடிருந்தபோது முறையீட்டுக்குச் செவி கிடைக்காதவர்களே நம் படங்களில் பேயாக வருகிறார்கள். செத்த பிறகாவது கேட்கிறோம்.

இது ஒருபுறமிருக்க, எண்ணூரை எண்ணிப் பார்ப்போம். வடசென்னையைக் காட்டாத தமிழ் இயக்குநர் இல்லை எனுமளவுக்கு அப்பகுதி திரையில் வந்துவிட்டது. எப்படி வந்தது? துறைமுகம், கத்தி, பழிக்குப் பழி. அங்குள்ள மக்கள் பிறரை அச்சுறுத்துபவர்களாகவே வருகிறார்கள். அவர்களும் அஞ்சக்கூடியவர்கள் என்று காட்டிய படம் அரிது. அஞ்சும் உரிமை அடுக்குமாடிக்காரருக்கு மட்டுமே உரியதோ?

அன்றாட வாழ்வில் எதுவோ பிசகுகிறது என்ற உணர்வு எண்ணூர்க்காரருக்குப் புதிதன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து மீன்பாடு குறைந்ததை மீனவர்கள் பல்லாண்டாகச் சொல்லி வந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் கலந்து வந்து, வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. அம்மாதம் 26-ஆம் நாள், ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவு நாள், நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி விழித்தனர். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கரையோரக் கடல் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. கண்ணெரிய, நெஞ்செரிய, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அம்மோனியாவுக்கு நிறமில்லை, ஓசையுமில்லை. திரைக்கலைக்குக் கண் உண்டு, காது உண்டு, மூக்கு இல்லை. எண்ணூரின் அச்சமோ மூக்கின் வழியே வருவது. அதனால்தானோ என்னவோ, அதைப் படமாக்க எவருக்கும் தோன்றவில்லை. ஆலை வாயிலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் அளந்து அறிவித்தது. இருக்கத்தக்க அளவு 400. அளவுகோல் வந்து சேருமுன் குழந்தைகளின் மூக்கு அதைச் சொல்லிவிட்டது.

திரையரங்கில் நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பயந்தவனை நம்பாத உறவினர் மீதும் காவலர் மீதும் நமக்குச் சினம் பொங்குகிறது. ஏனெனில் அவர்கள் காணாததை இயக்குநர் நமக்குக் காட்டிவிட்டார். வெளியே வந்ததும் அந்தச் சலுகை போய்விடுகிறது. அங்கே, சிரிக்கும் காவலரின் நாற்காலியில் நாமே அமர்ந்திருக்கிறோம். போபால் ஆலையின் பேராபத்தைப் பற்றி ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லிருந்தே எழுதி வந்தார். படித்தவர்கள் இருந்தனர். 1984 டிசம்பர் வரை அசைந்தவர் இல்லை.

அப்படியானால் அஞ்சுபவர் சொல்லையெல்லாம் அப்படியே ஏற்றுவிடுவதா? இங்கேதான் நமக்கும் இடர்ப்பாடு. அச்சம் பொய்ச்சாட்சியும் சொல்லும். பெயரைக் கேட்டதும் ‘வீடு காலியில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வீட்டுக்காரரும் அச்சம் என்றே காரணம் கூறுகிறார். அவர் அச்சத்துக்கு நாம் தலைவணங்க இயலுமா? இயலாது. இரண்டுக்கும் ஒரு வேற்றுமை நமக்குத் தென்படுகிறது. ஓர் அச்சம், ‘வந்து பாருங்கள், அளந்து பாருங்கள்’ என்கிறது, சோதனையை வரவேற்கிறது. மற்றொன்று, ‘பார்க்க வேண்டாம், விரட்டுங்கள்’ என்கிறது. எண்ணூர் மக்கள் ஆலையை மூடச் சொல்லிப் போராடவில்லையா, அதுவும் விரட்டுவதுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆலை மனிதனன்று, அதற்கு மனம் புண்படாது.

எண்ணூரை அடுத்த திருவொற்றியூரில் ஒரு பள்ளியில், 2024 அக்டோபர் 25 அன்று, ஏதோ நெடி வீசுகிறது என்று மாணவியர் சொன்னார்கள். பலர் மயங்கி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கருவிகள் வந்தன, அளந்தனர். இன்ன வாயு, இன்ன இடத்திலிருந்து என்று சொல்ல அப்போது இயலவில்லை. நவம்பர் 4-இல் பள்ளி மீண்டும் திறந்தது. அன்றும் சில பிள்ளைகள் அதையே சொன்னார்கள்.