நல்ல பல் என்ன பாவம் செய்தது?

முக்கியமான கேள்விகளைக் கேட்பதற்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத இடம் ஒன்று உண்டென்றால், அது பல் டாக்டரின் நாற்காலிதான். மல்லாந்து கிடக்கிறீர்கள். கண்ணுக்கு நேரே விளக்கு. வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாய். சரியாக அந்த நேரம் பார்த்து, ‘கேப் போட்டுடலாமா சார்?’ என்பார்கள். நீங்கள் ‘ஆ... ஆ...’ என்பீர்கள். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

போன மாதம் என் அக்கா மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டாள். வேளச்சேரியில் ஒரு திருப்பத்தில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கிவிட்டது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. பல்லைக் காப்பாற்றவில்லை. மேல்வரிசை முன்பல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு உடைந்துபோனது. பெண்ணுக்கு 24 வயது. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காவின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் பார்த்த டாக்டர் சொன்னார்: ‘உடைஞ்ச ஒண்ணுக்கு மட்டும் போட்டா கலர் தனியாத் தெரியும். மேல இருக்கிற ஆறுக்கும் கேப் போட்டுடலாம். வரிசையா, வெள்ளையா, சினிமா ஸ்டார் மாதிரி ஆயிடும்.’ இரண்டாவது டாக்டர், ‘ஆறு எதுக்கு? ரெண்டு பல்லுக்கு வெனீர் ஒட்டினாப் போதும்’ என்றார். ராத்திரி பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். ‘எனக்கு ஒண்ணும் புரியலைடா. நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு.’

பல் சமாசாரம் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே இது பல் சமாசாரம் மட்டும் இல்லை என்று புரிந்துவிட்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேல் இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம். ஆனால் அதற்கு உயிர் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். நகத்தை வெட்டினால் மறுபடி வளரும். எனாமல் போனால் போனதுதான். அதை உண்டாக்கிய செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

கேப் என்று நாம் சொல்லும் கிரவுன், பல்லுக்குத் தொப்பி போடுவது. தொப்பி உட்கார இடம் வேண்டுமே? அதனால் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லி மீட்டர் வரை ராவி, ஒரு சின்ன முளைக்குச்சி மாதிரி ஆக்கிவிடுவார்கள். வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. அதற்கு அரை மில்லி மீட்டர் அளவுக்கு ராவினாலே பெரும்பாலும் போதும். 2002-ல் வந்த ஓர் ஆய்வில், மாதிரிப் பற்களை இரண்டு விதமாகவும் செதுக்கி எடை போட்டுப் பார்த்தார்கள். வெளியே தெரியும் பல் பகுதியில் வெனீருக்காகப் போனது 3 முதல் 30 சதவிகிதம். பீங்கான் கேப்புக்காகப் போனது 63 முதல் 72 சதவிகிதம்.

அதாவது, அக்கா மகளின் ஆறு பற்களில் உடையாத ஐந்து பற்களிலும் பாதிக்கு மேல் ராவி எடுத்துவிட்டு, அதன்மேல் அழகான தொப்பி மாட்டுவார்கள். கலர் தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காக!

இங்கேதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. கெட்டுப்போனதைச் சரிசெய்வதற்காக, கெட்டுப்போகாததை எவ்வளவு வெட்டலாம்?

இது புதுக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் ஜி.வி.பிளாக் என்றொரு பல் மருத்துவர் இருந்தார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்பார்கள். 1890-களில் அவர் ஒரு கொள்கையைப் பரப்பினார். சொத்தையை மட்டும் எடுத்தால் போதாது. நாளைக்குச் சொத்தை வரக்கூடிய பக்கத்து நல்ல பகுதியையும் சேர்த்து இன்றைக்கே வெட்டி அடைத்துவிட வேண்டும் என்றார். பல தலைமுறை டாக்டர்கள் அதை வேதமாகப் படித்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு ஃபுளோரைடு பற்பசை இல்லை. பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பசையும் இல்லை. அடைத்தது கழன்று விழாமல் இருக்க, பல்லைத்தான் அதற்கேற்ற வடிவத்தில் வெட்ட வேண்டியிருந்தது.

1955-ல் புவனகோர் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஒரு காரியம் செய்தார். தொழிற்சாலைகளில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க இரும்பின்மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதையே பல்லில் தடவிப் பார்த்தார். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாயின. பிளாஸ்டிக் ரெசின் அதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு வெனீர் ஒட்டுவதும், உடைந்த பல்லை ரெசினால் கட்டுவதும் அந்த யோசனையிலிருந்து வந்தவைதான்.

யோசித்துப் பாருங்கள். ஒட்ட வழி இல்லாதபோது நல்ல பல்லை வெட்டியது தப்பில்லை. வழி வந்தபிறகும் பழைய பழக்கத்தில் வெட்டினால், வெட்டுகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். மனிதனுக்கு ஒரு புதுத் திறமை வரும்போது அதோடு கூடவே ஒரு புதுப் பொறுப்பும் வந்துவிடுகிறது. நாம் திறமையைச் சட்டென்று எடுத்துக்கொள்கிறோம். பொறுப்பு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிறது.

அதற்காகக் கேப்பை வில்லனாக்கிவிடாதீர்கள். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல், பாதிக்கு மேல் சொத்தையில் போய்விட்டது, அதை வைத்து முறுக்கு கடிக்க வேண்டும் என்றால் அதற்குக் கேப்தான் சரி. இல்லாவிட்டால் ஒருநாள் பிளந்துகொண்டுவிடும். அங்கே போய் ‘வெனீர் போடுங்க’ என்பது, இடிந்து விழப்போகும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வது மாதிரி. வெனீரும் சாது இல்லை. அரை மில்லி மீட்டர் ராவினாலும் ராவியதுதான், திரும்பி வராது. ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும், நகம் கடிக்கிறவர்களுக்கும் அது உடைந்துபோகலாம்.

ஆக, எது நல்லது என்ற கேள்வியே தப்பு. எதற்காக, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. 1997-ல் என் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றைச் சொத்தை என்று பிடுங்கினார்கள். அந்த இடைவெளியில் பிரிட்ஜ் கட்டலாம் என்றார் டாக்டர். ‘பக்கத்துல இருக்கிற ரெண்டு பல்லையும் லேசா ராவணும்’ என்றார். நான் ‘ஆ...’ என்றேன். அந்த இரண்டு பற்களுக்கும் அதுவரை ஒரு குறையும் இல்லை. 2008-ல் அதில் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. ரூட் கேனால் செய்தார்கள். 2011-ல் அது பிளந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. ஒரு பல் போன இடத்தில் இரண்டு பல் போனது. அந்த டாக்டர் என்னை ஏமாற்றவில்லை. அன்றைக்கு எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ‘லேசா என்றால் எவ்வளவு?’ என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

‘எல்லாம் அழகுக்காகத்தானே, பேராசை’ என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தருமபுரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லி கிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரையறை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறி, திட்டுத் திட்டாக இருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தப்பு, ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது மட்டும்தான். அவர்களில் ஒருத்தி, கை எடுத்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காக வெனீர் போட்டுக்கொண்டால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் போக ஆரம்பித்தது. உண்மையான பல் வைத்தியம் அதுதான். ஆனால் அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களுக்கு?

வேடிக்கை என்னவென்றால், வெனீர் பிறந்ததே அழகுக்காகத்தான். 1930-களில் கலிபோர்னியாவில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், ஹாலிவுட் நடிகர்களின் பல்மேல் மெல்லிய ஓடுகளை ஒட்டிவிடுவார். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிடலாம். அந்த அழகு தற்காலிகம். பல் பழையபடியே இருக்கும். இன்றைக்கு அழகு நிரந்தரமாகிவிட்டது. இழப்பும்தான்.

பிரிட்டனில் மார்ட்டின் கெல்லஹர் என்ற பல் மருத்துவர் 2010-ல் ‘மகள் சோதனை’ என்று ஒன்றைப் பற்றி எழுதினார். இந்தச் சிகிச்சையை உங்கள் சொந்த மகளுக்குச் செய்வீர்களா என்று டாக்டர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல சோதனை. ஆனால் அது டாக்டருக்கானது. நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் நமக்கும் ஒன்று வேண்டாமா?

எனக்குத் தோன்றியது இது. செய்த பிறகு மனம் மாறினால், திரும்பி வர வழி உண்டா? உண்டு என்றால் தைரியமாகச் செய்யலாம். இல்லை என்றால், அவ்வளவு தூரம் போகத் தக்க காரணம் இருக்கிறதா என்று ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசிக்கலாம். பயந்தாங்கொள்ளியாக இருக்கச் சொல்லவில்லை. உயிர் போகும் வலியில் யோசித்துக்கொண்டிருப்பதும் முட்டாள்தனம்தான்.

பல்லைத் தாண்டியும் இது செல்லும். பழைய கோயில்களைச் சுத்தம் செய்கிறோம் என்று கல்மேல் மணலைப் பீய்ச்சி அடித்ததில், அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கிப்போன கதை நமக்குத் தெரியும். இருபது வருஷ சிநேகிதன் ஒருமுறை பொய் சொல்லிவிட்டான் என்று அவனை அடியோடு வெட்டிவிடுகிறோம். உடைந்தது ஒரு முனை. நாம் ராவித் தள்ளுவது மொத்தப் பல்லை.

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். மூன்றாவதாக ஒரு பெண் டாக்டரிடம் போனாள். போய் உட்கார்ந்ததும், விளக்கு போடுவதற்கு முன்பே, வாய் சும்மா இருக்கும்போதே கேட்டுவிட்டாள்: ‘உங்க பொண்ணா இருந்தா என்ன டாக்டர் பண்ணுவீங்க?’

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம். ‘நரம்புக்கு ஒண்ணும் ஆகலை. உடைஞ்ச பல்லுக்கு மட்டும் காம்போசிட் ரெசின் வெச்சுக் கட்டிடுவேன். ராவவே வேண்டியதில்லைன்னு சொல்லலாம். சில வருஷத்துல கலர் மங்கும், திரும்பப் பண்ணிக்கணும். அப்ப வேணும்னா வெனீர். அதுவும் தாங்கலைன்னாதான் கேப்.’

ஒரே நாளில் வேலை முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். வெயிலில் நிற்கும்போது உற்றுப் பார்த்தால் கலர் வித்தியாசம் லேசாகத் தெரிகிறது. அக்காவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ‘ஆறையும் பண்ணியிருந்தா பளிச்சுனு இருந்திருக்கும்’ என்று காபி கொடுக்கும்போதும் முணுமுணுத்தாள்.

பெண் சிரித்தாள். ‘இப்போதைக்கு இது போதும் மாமா. நாளைக்கு வேணும்னா பார்த்துக்கலாம்’ என்றாள்.

நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவளால் சொல்ல முடிகிறது. ஆறு கேப் போட்டிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. அந்தச் சின்ன ரெசின் துண்டு அவளுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது அதைத்தான்.