ஆளில்லாக் கரையின் அழகு

ஒரு கரையைப் பார்த்து ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு எங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி, ஊரில் இருந்த காலத்தில் எழுந்ததில்லை. அப்போது கரை வெறும் கரைதான். அங்கே மீன் வாங்கினோம், கால் கழுவினோம், லோஞ்சுக்குக் காத்திருந்து அலுத்துப்போனோம். அழகு என்பது சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்தது. பனிமலை, காற்றாலை, தூலிப் பூ. அந்தத் தூலிப் பூக்களின் நாட்டுக்கே கடைசியில் வந்து சேர்ந்தோம் என்பது வேறு கதை.

நாங்கள் இருப்பது ஒல்லாந்தின் ஸீலாந்து மாகாணத்தில், மிடில்பேர்க் நகருக்கு அண்மையில். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். வேலணை லைடன் ஆனது. அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். ஆக, ஒரு மிடில்பேர்க்கில் பிறந்து மற்ற மிடில்பேர்க்கில் அகதியானவர்கள் நாங்கள். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை எங்கள் சனங்களின் வாயில் ஒட்டவேயில்லை. டெல்வ்ற் மட்டும் இன்றும் அரசாங்கக் கடிதங்களில் கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், சோளகம் எழும்ப முதல், இரண்டு குடும்பமாக ஏழு பேர் ஊருக்குப் போனோம். பிள்ளைகளுக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டவேண்டும் என்று குறிகட்டுவானில் ஒரு பைபர் போட்டை இரண்டு நாளுக்குப் பேசினோம். பின்னால் 25 குதிரைவலு மோட்டர். ஓட்டியவர் எங்கள் பெரியண்ணையோடு படித்த ஒருவரின் தம்பி. வாடகை எவ்வளவு என்று கேட்டோம். “எந்த இடம் நீங்கள்?” என்று திருப்பிக் கேட்டார். சொன்னோம். ஐயாவின் பெயரையும் சொன்னோம். “அப்ப என்ன, தாறதைத் தாங்கோ” என்றார். எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஊர் எங்களை அடையாளம் கண்டுகொண்டது என்று நினைத்தோம். அந்த ஒரு சொல்லால் அவர் விலை கேட்கும் உரிமையை இழந்துவிட்டார் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கடலில் மோட்டர் ஓட்டுவது வேகத்தின் வித்தை அல்ல. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அவர் பின்னால் நின்றபடி நிறத்தைப் பார்த்தே ஓட்டினார். கரும்பச்சை என்றால் சாதாளை, வெளிறிய பச்சை என்றால் மணல், மண்ணிறம் தட்டினால் கல். கல்லைக் கண்டதும் மோட்டரைச் சரித்து, காற்றாடியைப் பாதி வெளியே எடுத்து, தடியால் ஊன்றித் தள்ளுவார். எங்களுக்கு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்த இடத்தில் அவருக்குப் பத்துப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர், சிலதுக்கு அங்கே வலை கிழித்துக்கொண்டவனின் பெயர். எங்கள் பிள்ளைகளோ படம் பிடித்து, ‘பெயர் தெரியாத கரை’ என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். ஒல்லாந்தரும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்களோ என்று எங்களில் ஒருவர் பகிடியாகச் சொன்னார். பகிடி அவ்வளவாக எடுபடவில்லை.

நெடுந்தீவுக்குப் போகும் வழியில் காற்றாடியில் சாதாளை சுற்றி மோட்டர் நின்றது. அவர் குனிந்து அதைப் பிய்த்து எறிந்துகொண்டே, “குமுதினி இந்தப் பாதையாலதான் வந்தது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் குமுதினிப் படகில் வந்துகொண்டிருந்த பயணிகள் 1985 மே 15 அன்று நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரியவர்களுக்கு அது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அதை அவர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் தடுக்கவுமில்லை, சொல்லவுமில்லை. இரவு சொன்னோம்.

நெடுந்தீவில் குதிரை பார்த்தோம், சாந்து பூசாமல் முருகைக்கல் அடுக்கிய மதில்கள் பார்த்தோம், எல்லோரும் பார்க்கிற பெருக்கமரத்தையும் பார்த்தோம். அதைப்பற்றி எழுதியவர்கள் ஏராளம். எங்களை உலுக்கியது அடுத்த நாள், எங்கள் சொந்தத் தீவின் கரையோரமாகப் போனபோது எங்கள் பதினொரு வயதுப் பெண் கேட்ட கேள்வி. ஒல்லாந்து மொழியில்தான் கேட்டாள்: “இது இயற்கைக் காப்பகமா? ஏன் ஒருத்தரும் இல்லை?”

அவள் கேட்டதில் பிழையில்லை. ஒல்லாந்தில் மனிதர் இல்லாத கரை என்றால் அது யாரோ திட்டமிட்டுப் பாதுகாத்த கரைதான். நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவள் விரல் நீட்டிய பற்றைக்குள் கூரையில்லாத வீடுகள் நின்றன. பூவரசு சுவரைப் பிளந்து வளர்ந்திருந்தது. கொக்குகள் முற்றத்தில் நின்றன. மெய்யாகவே அழகாக இருந்தது. அந்த அழகுக்குக் காரணம் நாங்கள் அங்கே இல்லாததுதான். இராணுவம் தீவகத்தில் இறங்கியதோடு வெறுமையானது அந்தக் கரை. போன நாங்கள் திரும்பாததால் அப்படியே கிடக்கிறது.

அன்றிரவு எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். கடல் எங்களைக் கேட்டு நீலமாகவில்லை, துக்கம் நடந்த இடமெல்லாம் பார்க்கக்கூடாது என்றால் உலகத்தில் எந்தக் கரையும் மிஞ்சாது, பிள்ளைக்கு ஊர் முதலில் அழகாகத்தான் தெரியவேண்டும், பாரமாக அல்ல என்றார் ஒருவர். இதை மறுப்பது கடினம். கடல் எப்போதும் நீலம்தான், ஆனால் அந்த ஆளில்லாத அமைதி கடலின் குணம் அல்ல, அதை ரசிப்பவர் அது எப்படி வந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர் என்றார் இன்னொருவர். துரத்தியவர்கள்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். போர் முடிந்தது 2009இல். அதற்குப் பிறகான வெறுமைக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் வாக்குவாதம் நின்றுபோனது.

காரணம், அன்று பின்னேரம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகத்தில் இருந்தது. காசு கொடுக்கும் நேரம். நாங்கள் கணக்குப் பார்த்து, ஐரோப்பியக் கணக்கில் கொஞ்சம் கூட்டியே கொடுத்தோம். அவர் எண்ணாமல் சேர்ட்டுப் பையில் வைத்தார். பிறகு, போட்டைக் கட்டிக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“உங்கட வளவுக் கிணறு நல்ல தண்ணி. எங்கட பக்கம் முழுக்க உவர். கேற்றைப் பூட்டி வைச்சிருக்கிறியள். இறைக்காமல் விட்டால் அதுவும் பழுதாப்போம். திறப்பைத் தந்தால் நாங்கள் நாலு வீடு அள்ளுவம், கிணத்தையும் பாத்துக்கொள்ளுவம்.”

தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்ன என்பது அங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். குடத்தோடு அரைமைல் நடந்த தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். உடனே ‘ஓம்’ என்றிருக்கவேண்டும். “பாத்துச் சொல்லுறம் அண்ணை” என்றோம்.

என்ன பார்ப்பதற்கு? 10 வருடம் ஒருவர் ஆண்டு அனுபவித்தால் காணி கைமாறிப்போகும் என்ற பயம். வெளிநாட்டில் இருக்கும் தீவார் எவரோடு பேசினாலும் இந்தப் பயம் வெளிவரும். அனுமதியோடு பாவிப்பது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு, ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பூட்டு எங்களுக்கு ஏதோ ஆறுதல் தருகிறது. திரும்பிப் போகமாட்டோம் என்று எங்களுக்கே சொல்லாமல் இருப்பதற்கு அந்தப் பூட்டு உதவுகிறது. அந்த ஆறுதலுக்கு நாலு வீட்டுக்காரர் உவர்த் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அவர் எங்களை உறவாக எண்ணியபடியால் வாடகை பேசவில்லை. நாங்கள் உறவு என்ற சொல்லை வைத்து ஊரைப் பெற்றுக்கொண்டோம், கிணறு என்று வந்ததும் உறுதிக்காரர் ஆகிவிட்டோம். அந்நியனாகவே நடந்து, விலை பேசி, பற்றுச்சீட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு கூச்சம் இருந்திராது. வாடிக்கையாளரிடம் யாரும் கிணற்றுத் திறப்புக் கேட்கமாட்டார்கள்.

வளவு ஐந்து சகோதரங்களின் பெயரில் இருக்கிறது. இங்கு வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதினோம். நாலு குடும்பங்கள் கிணற்றைப் பாவிக்கலாம், வருடாவருடம் இறைத்துத் துப்புரவாக்கவேண்டும், காணி எங்களுடையதே என்று ஒரு பந்தி. அந்தக் கடைசிப் பந்தியை எடுத்துவிட வேண்டும் என்று எங்களில் இருவர் சண்டை பிடித்தார்கள். எடுக்கவில்லை. இதுவரை நாலு கையெழுத்து விழுந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, யாரோ ஒரு சட்டத்தரணியைக் கேட்கவேண்டும் என்கிறாள். திறப்பு எங்கள் வீட்டுக் குசினி லாச்சியில், கரண்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. பெண் எடுத்த கரையின் படம் அவளுடைய அறைச் சுவரில் இருக்கிறது. எங்கள் வளவு அதில் இடது ஓரத்தில், பூவரசுக்குப் பின்னால்.