முப்பத்திரண்டும் ஒன்றே



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற நாம், நம்மோடு பிறந்து நம்மோடு அழியும் இவ்வுடலை எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதை இன்று சிந்திப்போமாக.

உடலைப் பகுத்து நோக்குமாறு பகவான் புத்தர் பிக்குகளுக்குப் போதித்தார். சதிபட்டான சூத்திரம் 31 பகுதிகளைக் கூறுகிறது. குத்தகபாடத்தில் மூளையும் சேர்ந்து 32 ஆகின்றது. புதிதாகச் சீவரம் அணியும் சாமணேரருக்குத் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தே முதற்பாடமாம்.

இப்பாடத்தை நாம் பாளியில் ஓதுகிறோம். ஓதினாற் போதுமோ? பொருளும் இடமும் அறிதல் வேண்டும். ஹதயம் என்பது இருதயம். மார்பின் நடுவில் சற்றே இடப்புறம் சாய்ந்திருப்பது. பப்பாசம் நுரையீரல்; மார்பின் இருபுறமும் உள்ளது. யகனம் கல்லீரல், வலது விலாவின் கீழிருந்து பித்தம் சுரப்பது. பிஹகம் மண்ணீரல், இடது விலாவின் கீழுள்ளது. வக்கம் சிறுநீரகம், முதுகெலும்பின் இருமருங்கும் நின்று இரத்தத்தை வடிகட்டுவது.

விசுத்திமார்க்கம் எலும்புகள் ஏறத்தாழ 300 என்கிறது. வளர்ந்தோர் உடலில் 206 என்பது இன்றைய மருத்துவக் கணக்கு. நூலில் உள்ளது என்பதற்காகவே எதனையும் ஏற்கவேண்டாமென்று காலாமருக்கு உரைத்தவர் நம் பகவான். ஆதலின் திருந்திய கணக்கைக் கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நம்மவர் திருப்பதி மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். அங்கே கார்டியாலஜி என்றால் இருதயப் பிரிவு. நெஃப்ராலஜி என்றால் சிறுநீரகப் பிரிவு. நோய்ப்பெயர் 'ஐட்டிஸ்' என முடிந்தால் அழற்சி என்று பொருள்: ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, நெஃப்ரைட்டிஸ் சிறுநீரக அழற்சி. இவ்வளவு தெரிந்தவர் மருத்துவர்முன் வாய்மூடி நில்லார். தம் நோய் யாதென்று கேட்டறிவார்.

அறியாமையின் விலை உயிரன்றோ! காசநோயைத் தெய்வக் குற்றமென்றும் முன்வினையென்றும் கூறி, மந்திரிப்பவரிடம் நாட்கழித்து மாண்டவர் எத்தனையோ பேர். அது கிருமியால் வருவதென்று 1882இல் ராபர்ட் காக் காட்டினார். அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1910களிலேயே காசநோயாளருக்கென மருத்துவமனை எழுந்தது. இன்றோ அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிப்பீராக. மருந்தை இடையில் நிறுத்தாதீர்.

மற்றொன்றும் கூறுவோம். 1960இல் தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பயிலும் மாணவர், மேசைமேற் கிடத்திய உடலில் அதே இருதயத்தையும் அதே ஈரலையும் காண்பர்; எவ்வுறுப்பிலும் குலப்பெயர் காணார். பிறப்பால் தூயர், பிறப்பால் தீட்டுடையர் என்று நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்க்கும் உறுப்புகள் இந்த முப்பத்திரண்டே. தன்னுடலை அறிந்தவன் தன்னைத் தாழ்ந்தவனென்று எண்ணான், பிறனையும் தாழ்த்தான்.

வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான், ஆனந்தருடன் சேர்ந்து, தம் கையாலேயே கழுவிப் படுக்கவைத்தார். அருவருப்பை வென்ற கருணை அது. வரும் பௌர்ணமியன்று நம் இல்லந்தோறும் குழந்தைகளை அமர்த்தி, அவ்வவ்வுறுப்பு உள்ள இடத்திற் கைவைத்து, முப்பத்திரண்டையும் தமிழிற் சொல்லிக் கொடுப்போமாக.

நமோ புத்தாய!